பகல் வெளிச்சத்தில் பார்த்த பச்சை

என் வீட்டுக்காரர் மதியழகனின் கண்ணைப் பற்றி ஆம்பூரில் பெரிய பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் அவருக்கு வேலை ஒன்றே ஒன்று, நிறம் பார்ப்பது. வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அளவில் ஒரு தோல் துண்டு அனுப்புவான். இங்கே சாயம் ஏறி வருகிற ஆயிரம் தோலும் அந்தத் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று இவர் பார்த்துச் சொல்ல வேண்டும். "சிவப்பு ரெண்டு பாயின்ட் ஜாஸ்தி" என்பார். "கறுப்பு கம்மி" என்பார். இவர் தலையை ஆட்டினால்தான் லாரி கிளம்பும்.

இது கம்பெனியோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டுமென்றாலும் இவர், கேட்டுக்கு பெயின்ட் அடிக்க வேண்டுமென்றாலும் இவர். பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் அக்கா தன் மகள் நிக்காவுக்குத் துப்பட்டா எடுக்க என்னை விட்டுவிட்டு இவரைத்தான் கடைக்குக் கூட்டிப்போனார். நான் பிரசவத்துக்குச் சேர்ந்த நர்சிங் ஹோமின் சுவர்கூட இவர் சொன்ன நிறம். இளமஞ்சள். படுத்திருப்பவர்களுக்குத் தெம்பு வரும் என்று சொல்லி அடிக்கவைத்தாராம்.

எனக்கு நிறம் தெரியாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கல்யாணமான புதிதில் அவருக்கு பிரவுன் சட்டை என்று நினைத்து மெரூன் சட்டை வாங்கிவிட்டேன். ஏழு வருஷம் ஆகியும் அந்தச் சட்டை கொடியில் காயும்போதெல்லாம் பார்த்துச் சிரிப்பார். ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடிக்கு மேல் தாண்டிவிடுகிற கை என்னுடையது. ஆனால் நிறம் என்று வந்தால் வாயைத் திறக்கக் கூடாது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், கம்பெனியில் அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நிறம் பார்க்க மாட்டார். வடக்கு ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், அவ்வளவுதான். மேனேஜர் ஷபீ அஹமது தாடையைப் பிடித்துக் கெஞ்சினாலும், "பல்பு பொய் சொல்லும் பாய், காலையில பாத்துக்கலாம்" என்று கிளம்பி வந்துவிடுவார்.

ஏழாம் மாத ஸ்கேனில் வயிற்றில் தண்ணீர் அதிகமாக இருக்கிறது, வேலூரில் ஒரு தடவை காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். அடுத்த வாரம் ஏற்றுமதி இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. குழந்தை எங்களுக்காகக் காத்திருக்காமல் மூன்று வாரம் முன்னாலேயே ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிறந்துவிட்டது. பெண். சுகப் பிரசவம். என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கலவை ஊரில் படுத்திருந்ததால் முனவ்வர் அக்காதான் கூட இருந்தார்.

மத்தியானம் குழந்தை ஒரு தடவை கக்கியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மறுபடியும் கக்கியது, இந்தத் தடவை நிறைய. வெள்ளைத் துண்டில் துடைத்தேன். பச்சையாக இருந்தது. நர்ஸ் ரங்கம்மாளைக் கூப்பிட்டேன்.

"இன்னா கலரு? மஞ்சளா, பச்சையா? பச்சைன்னா ஒடனே டாக்டருக்கு போன் பண்ணணும்" என்றார் ரங்கம்மாள்.

"பச்சைக்கா" என்றேன்.

ரங்கம்மாள் துண்டைத் தூக்கிப் பார்த்தார். அறையில் மஞ்சள் பல்பு. சுற்றிலும் என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த மஞ்சள் சுவர். ரங்கம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது ஆம்பூரில் யாராக இருந்தாலும் எதைச் செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார். திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

அவர் ஷபீ பாயிடம் போனில் பொண்ணு பிறந்த கதையை ஐந்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடியே துண்டை வாங்கி, பல்பு பக்கம் உயர்த்தி, இப்படிச் சாய்த்து அப்படிச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"மஞ்சள்தான். சீம்பால் கலரு" என்றார்.

"சீம்பால் குடிச்சா அப்டித்தான் வரும்" என்று சீட்டில் மஞ்சள் என்று எழுதிக்கொண்டார் ரங்கம்மாள்.

"பச்சைங்க" என்றேன்.

"உனக்கு மெரூனும் பிரவுனும் ஒண்ணு. நீ சும்மா படு."

முனவ்வர் அக்கா சிரித்துவிட்டார். ரங்கம்மாளும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிற்பாடு என் வீட்டுக்காரரை மன்னித்துவிட்டேன், நான் சிரித்ததை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. விடிவதற்குள் குழந்தை இன்னும் மூன்று தடவை கக்கியது. ஒவ்வொரு தடவையும் மஞ்சள்தானே என்று துடைத்துவிட்டு மறுபடியும் பால் கொடுத்தோம்.

காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் நாலு துண்டையும் அலசுவதற்காகப் பின்பக்கக் குழாய்க்கு எடுத்துப்போனார். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நடக்கும்போதுகூட வேட்டி கசங்கக் கூடாது என்று பார்க்கிற மனிதர், கதவில் முட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்பிகா. பச்சை."

"நேத்தே சொன்னேன்" என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் வந்தார், குழந்தையின் மேல்வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இனி ஒரு சொட்டுப் பால் கொடுக்கக் கூடாது என்றார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இரைப்பைக்கு விட்டு ஊசியால் இழுத்தார். ஊசி நிறையப் பச்சை வந்தது. கையில் டிரிப்ஸ் ஏற்றி, பஞ்சும் துணியும் சுற்றி, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார். பள்ளிகொண்டா தாண்டுகிறவரை கூட வந்த முனவ்வர் அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து துஆ செய்துகொண்டிருந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயிற்றின் மேல்பக்கம் காற்று மூன்று உருண்டையாக நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"சிறுகுடல் ஆரம்பத்துலயே ஒரு எடத்துல பாதை மூடியிருக்கு. வயித்துக்குள்ள இருக்கும்போதே இப்படி ஆயிடும். கர்ப்பத்துல குழந்தை குடிக்கிற தண்ணி கீழ போகாம தங்கிடும், அதான் ஸ்கேன்ல தண்ணி ஜாஸ்தின்னு வந்திருக்கு. பித்தம் போக வழியில்ல, அதனால மேல வருது. மூடின துண்டை எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கணும்" என்றார்.

"இதுல இன்னா மேடம் கஷ்டம்?" என்று முனவ்வர் அக்கா கேட்டார்.

"அடைப்புக்கு மேல குடல் ஊதிப் பெருசா இருக்கும். கீழ ஒண்ணும் போகாததால நூல் மாதிரி சின்னதா இருக்கும். பெருசையும் சின்னதையும் சேர்க்கணும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சுருக்கம் விழுமே மேடம். பெரிய பக்கத்தை அப்படியே வச்சுத் தைக்கறதா, இல்ல சின்னதைச் சாய்வா வெட்டி வாயை அகலமாக்கறதா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "சாய்வாத்தான் வெட்டுவோம். நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"ஷூ கம்பெனி. தையல் செக்‌ஷன்."

"அப்போ உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். "முதல் வாந்தி மத்தியானம். சாயங்காலம் வந்தது என்ன கலர்? இதுல மஞ்சள்னு எழுதியிருக்கே."

முனவ்வர் அக்கா தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் அந்தத் துண்டு, நாலாக மடித்து. அலசாத துண்டு.

"மஞ்சள்னு சொன்னது நான்தான் மேடம். பல்பு வெளிச்சத்துல பாத்துட்டேன். தப்பு என்னுது" என்றார்.

டாக்டரம்மா கவரைத் திறக்காமலே பார்த்தார். "பன்னெண்டு மணி நேரம் போயிடுச்சு. நல்ல வேளை, குடல் கிழியல. இப்ப அதை யோசிக்காதீங்க, கையெழுத்துப் போடுங்க" என்றார்.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் நிஜமான பரீட்சை இனிமேல்தான் என்றும் சொன்னார்கள். தைத்த இடம் ஆறிப் பாதை திறந்ததா என்பதற்கு இரண்டு அடையாளம். இரைப்பையிலிருந்து குழாய் வழியாகப் பையில் இறங்குகிற பச்சை நாளுக்கு நாள் வெளிறித் தண்ணீராக வேண்டும். அப்புறம் குழந்தை மலம் கழிக்க வேண்டும். அதுவரை பால் கிடையாது, நரம்பு வழியாகத்தான் சத்து. பாதை திறக்கவில்லையென்றால் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டிவரலாம். இரண்டேகால் கிலோ குழந்தையின் வயிற்றை எத்தனை தடவை திறப்பார்கள். எனக்கு அதுதான் ஒரே பயம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சி நர்ஸ் சௌமியாவிடம் கொடுப்பேன். அவள் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைப்பாள். ஃப்ரிட்ஜில் பால் சேர்ந்துகொண்டே போனது.

என் வீட்டுக்காரரிடம் நான் பேசவில்லை. சொல்ல வேண்டியதை முனவ்வர் அக்காவிடம் சொன்னேன், அவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தவரிடம் திரும்பச் சொன்னார். அவரோ வேறொரு விரதம் எடுத்துக்கொண்டார். இனி எந்த நிறத்தின் பெயரையும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் இது எவ்வளவு பேஜார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மருந்துக் கடையில், "எந்த மாத்திரைங்க, ரோஸா வெள்ளையா?" என்று கேட்டதற்கு, "நீங்களே பாத்துக் குடுங்க" என்றாராம். எந்தக் கட்டடம் என்று ஆட்டோக்காரர் கேட்டபோது, நீலக் கட்டடம் என்று சொல்ல மனசில்லாமல் இறங்கி நடந்தே வந்தார்.

மூன்றாம் நாள் அவர் பையில் சோப்பு தேடினேன். அந்த பிளாஸ்டிக் கவர் கையில் வந்தது. துண்டு அப்படியே இருந்தது. நாற்றம் வேறு.

"இதைக் கேளுங்கக்கா, இந்தக் கர்மத்தை எதுக்கு இன்னும் கட்டி வச்சிருக்காருன்னு" என்றேன் முனவ்வர் அக்காவிடம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு அக்காவிடமே சொன்னார். "கம்பெனியில தப்பாப் போன பீஸைத் தூக்கிப் போட மாட்டோம்க்கா. தேதி எழுதி வச்சுக்குவோம்."

கவர் மேல் நிஜமாகவே தேதி எழுதியிருந்தது. நேரமும் எழுதியிருந்தது. ஒளி என்று போட்டு, பல்பு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கவரைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் ஷபீ அஹமது நேரிலேயே வந்துவிட்டார். கம்பெனியில் நாலு நாளாக ஒரு தோல்கூட பாஸ் ஆகவில்லை. போனில் படம் அனுப்பினால் பதில் இல்லை. மனிதர் ஒரு கைப்பை நிறையத் தோல் துண்டுகளோடு வந்து, பார்வையாளர் பெஞ்சில் பதினோரு இளம்பழுப்புத் துண்டுகளை வரிசையாகப் பரப்பிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ விற்பனை என்று எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"மதி, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. அல்லா இருக்கான். இந்த டான் கலர் மட்டும் ஒரு பார்வை பாத்துடு. வெளிநாட்டுக்காரன் கழுத்துல உக்காந்திருக்கான்" என்றார்.

"என் கண்ணு போச்சு பாய். வேற ஆள் பாத்துக்கோங்க."

"வேற ஆளுக்கு நான் எங்க போறது?" என்று பாய் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா ஆச்சு உன் ஊட்டுக்காரனுக்கு? நீயாவது சொல்லு."

எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. கண்ணு போனவர் பெஞ்சின் அந்தக் கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இந்த மனிதர் என்னிடம் பஞ்சாயத்துக்கு வருகிறார். மாதிரித் துண்டை வாங்கினேன். பதினொன்றில் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "இது சரியா இருக்கு பாய். இதையே அனுப்புங்க" என்றேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது சிவப்பு ரெண்டு பாயின்ட் ஜாஸ்தி" என்றது பெஞ்சின் அந்தக் கோடி. "இந்தப் பக்கத்துல இருந்து நாலாவது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பாய் நாலாவது துண்டை மட்டும் தனியாக மடித்து, மீதியை அள்ளிக்கொண்டு, இன்னொரு வார்த்தை பேசினால் மனசு மாறிவிடுவார் என்று பயந்து மாடிப்படியில் ஓடிப்போனார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க வார்டுக்குள் போய்விட்டேன்.

மறுநாள் முதல் என் வீட்டுக்காரர் குழாய்ப் பையைப் பார்க்க ஆரம்பித்தார். பையைக் கழற்றி ஜன்னலுக்குக் கொண்டுபோகலாமா என்று சௌமியாவிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். திரைச்சீலையை மட்டும் விலக்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்குக் குனிந்து பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஐந்தாம் நாள் பச்சை வெளிறியிருந்தது. ஆறாம் நாள் கிட்டத்தட்டத் தண்ணீர். எனக்கே தெரிந்தது. ஆனால் கீழே ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மா வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு நாள் பாப்போம்" என்றார். அந்த ஒரு நாளுக்கு அப்புறம் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏழாம் நாள் பகல் பதினோரு மணிக்குக் குழந்தை முகத்தைச் சுருக்கியது. காதெல்லாம் சிவந்தது. டயப்பரைத் திறந்தேன். ஒரு கரண்டி அளவுக்கு ஏதோ இருந்தது.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டேன்.

சௌமியா கையில் போனோடு வந்தாள். "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க, லைன்ல கேக்கறாங்க. இன்னா கலரு? சாம்பல் மாதிரி சளியா இருந்தா பழசு, உள்ளயே தங்கியிருந்தது, இன்னும் காத்திருக்கணும். பித்தக் கலர் இருந்தா பாதை திறந்துச்சுன்னு அர்த்தம்."

எனக்குத் தெரிந்தது. ஆனால் இந்தத் தடவை ஆசையில் தெரிகிறதோ என்று பயமாக இருந்தது. முனவ்வர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். சௌமியாவும் அவரைப் பார்த்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் அவர்.

டயப்பரைச் சுருட்டி அவர் முன்னால் நீட்டினேன். ஏழு நாளுக்கு அப்புறம் அவரிடம் நேராகப் பேசினேன். "பாருங்க. ஜன்னல்கிட்ட போய்ப் பாருங்க."

அவர் வாங்கிக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போனார். பையிலிருந்து அந்தப் பழைய கவரை எடுத்து, துண்டை விரித்து, டயப்பரோடு சேர்த்துப் பிடித்தார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாக்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். போனுக்குள் டாக்டரம்மா, "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"துண்டு காஞ்சு கொஞ்சம் வெளுத்திருக்கு" என்றார் கடைசியில். "மத்தபடி ரெண்டும் ஒண்ணு. பச்சை, சிஸ்டர்."

"நிச்சயமாவா அண்ணா?"

"பகல் வெளிச்சம். அப்டியே எழுதிக்கோங்க."

சௌமியா போனில் சொன்னாள். பித்தம் மேலே வந்தபோது ஊரே ஓடியது, அதே பித்தம் கீழே வந்ததற்கு போனுக்குள் டாக்டரம்மா சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. சாயங்காலத்திலிருந்து பால் ஆரம்பிக்கலாம், முதலில் இரண்டு மில்லி, தாங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்றாராம். முனவ்வர் அக்கா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். குழந்தை ஆய் போனதற்கு முகம் தெரியாதவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் மட்டும் ஜன்னலை விட்டு வரவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"மஞ்சள் இல்லையே?" என்றேன்.

"இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

அவர் துண்டை என் கையில் கொடுத்தார். கண் நிறைந்திருந்தது. "பச்சை, அம்பிகா. அன்னைக்கு நீ சொன்ன அதே பச்சை" என்றார்.

அந்தத் துண்டை நானே குழாயடிக்கு எடுத்துப்போய் அலசினேன்.